தகட்டைக் கழற்றுங்கள்: டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீசல் கார் வைத்திருக்கும் நண்பர்களே,

உங்களில் கணிசமானவர்களின் வண்டிக்குள் ஒரு தகடு இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, இரண்டு துளை போட்டது, கத்தரித்த விளிம்பு கூடச் சரியாக ராவப்படாதது. வண்டியைச் செய்த கம்பெனி வைத்ததல்ல அது. 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது, பிக்கப் இல்லை, மேட்டில் ஏறினால் கறுப்பாகப் புகைகிறது என்று நீங்கள் பட்டறைக்குப் போன ஒரு நாளில் வைக்கப்பட்டது. "இ.ஜி.ஆர். வால்வு அடைச்சுக்கிச்சு சார். புதுசு போட்டா செலவு. ஒரு தகடு வெச்சு பிளாங்க் பண்ணிடறேன், வண்டி பறக்கும்" என்று பட்டறைக்காரர் சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். சிலருக்குக் கேட்காமலேகூட வைத்திருப்பார்கள்.

என்னிடமும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் இதத்தான் சார் பண்றாங்க" என்றார். அந்த 'எல்லாரும்' நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. என் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, முடிந்தவரை என் கையாலேயே பார்த்துக்கொள்பவன். மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நாள் முழுக்க வெயிலில் வண்டிக்கு அடியில் கிடக்கும் மனிதர், வாடிக்கையாளர் எதைக் கேட்பாரோ அதைத்தான் கொடுக்கிறார். கேட்பது நாம். ஆகவே என் குறையும் நம் மேல்தான்.

அந்த வால்வு என்ன செய்கிறது என்று பட்டறையில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவாக நைட்ரஜன். சும்மா இருக்கும் வரை அது சாது. டீசல் இன்ஜினின் சிலிண்டருக்குள் எரியும் வெப்பத்தில் மட்டும் ஆக்ஸிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறிவிடும். வெப்பம் ஏற ஏற இது பன்மடங்கு பெருகும். இதைத் தடுக்க, வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பியெடுத்து, குளிரவைத்து, உள்ளே போகும் காற்றோடு கலக்கிறார்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயு மறுபடி எரியாது. ஆனால் சூட்டை வாங்கிக்கொள்ளும். எரிதலின் உச்ச வெப்பம் தணியும், நைட்ரஜன் ஆக்ஸைடும் குறையும். எப்போது எவ்வளவு புகையைத் திருப்புவது என்று திறந்து மூடும் கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு. உங்கள் தகடு அந்த வழியை நிரந்தரமாகச் சாத்திவிடுகிறது.

"தகடு வெச்சப்புறம் வண்டி நல்லாத்தானே ஓடுது" என்பீர்கள். ஓடும். மறுக்கவில்லை. ஆனால் ஏன் நன்றாக ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கரி அப்பி, திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்ட வால்வு, வேண்டாத நேரத்திலும் புகையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. காற்று போதாமல் இன்ஜின் திணறியது. தகடு அதை நிறுத்தியது. சரியான வால்வு ஒன்றைப் போட்டிருந்தாலும், இருந்ததையே கழுவிப் போட்டிருந்தாலும் அதே திணறல் நின்றிருக்கும். பழுது நீங்கியதால் வந்த சுகத்தைத் தகட்டின் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து லாரியை ஓவர்டேக் செய்கிறீர்களே, அந்த நேரத்தில் நல்ல நிலையில் இருக்கும் வால்வு தானாகவே மூடிக்கொள்ளும். அப்படித்தான் வண்டியின் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் முழு பவரை அது ஒருபோதும் திருடவில்லை.

அடைத்துவிட்டால் இன்டேக் பக்கம் கரி சேர்வது குறையும் என்பது உண்மைதான். அந்த ஒரு லாபத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த லாபம் உங்களுக்கு. அதன் விலையைக் கொடுப்பது பின்னால் வருபவர்.

அடுத்து நீங்கள் காட்டப்போவது புகைச் சான்றிதழ். "பி.யூ.சி. பாஸ் ஆயிடுச்சே!" ஆகும். ஏன் ஆகாது? அந்த மையத்தில் உங்கள் டீசல் வண்டியை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான், ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று. நைட்ரஜன் ஆக்ஸைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. சொல்லப்போனால் இ.ஜி.ஆர். வேலை செய்யும்போது புகைக்கரி சற்றுக் கூடும், அடைத்துவிட்டால் குறையும். ஆகவே தகடு வைத்த வண்டி சான்றிதழ் மையத்தில் இன்னும் நல்ல மார்க் வாங்கக்கூடும். கண்ணுக்குத் தெரியும் கறுப்பைக் குறைத்து, கண்ணுக்குத் தெரியாததைக் கூட்டிவிட்டு, கையில் ஒரு தாளும் வைத்திருக்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத அது என்ன செய்யும்? நைட்ரஜன் டை ஆக்ஸைடு மூச்சுக்குழாயை அழற்சியாக்கும், ஆஸ்துமாக்காரர்களை வாட்டும். நம் ஊர் வெயிலில் மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாகவும், நுண்துகள்களாகவும் மாறும். சிக்னலில் உங்கள் சைலன்ஸருக்குப் பின்னால் நிற்பது ஏ.சி. கார் மட்டுமல்ல. ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தையின் மூக்கு, உங்கள் புகைக்குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள்.

பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதிகளின்படி, பி.எஸ். 4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்ஸைடு விடக்கூடாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 அதை 0.08 கிராமாகக் குறைத்தது. இந்தக் கடுமையைப் பார்த்துத்தான் சில கம்பெனிகள் சிறிய டீசல் கார்களையே கைவிட்டன. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திக்கொண்டது. கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிக் குறைத்த அளவை நாம் ஒரு தகரத்துண்டால் அழித்துவிடுகிறோம். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு, சாலைக்கு வந்ததும் புகை அடக்கும் ஏற்பாடுகளைத் தளர்த்திவிடும் மென்பொருளை உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் சில வண்டிகள் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு கக்கின. இந்தியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அன்று டீக்கடையில் அந்தக் கம்பெனியைத் திட்டியவர்களில் எத்தனை பேர் வண்டியில் தகடு இருந்ததோ! கம்பெனி மென்பொருளால் செய்ததை நாம் ஸ்பானரால் செய்கிறோம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், காற்று மாசு விதியை மீறினால் முதல் முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வண்டியை அனுமதியில்லாத வகையில் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம். பட்டறைக்காரருக்கு அல்ல, உரிமையாளருக்கு. ரோட்டில் மடக்கி பானெட்டைத் திறந்து தகடு தேடும் போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் சட்டத்தை நம்பாமல் உங்களை நம்பி எழுதுகிறேன்.

சரி, அடைக்கவேண்டாம், என்ன செய்வது? முதலில், வால்வுதான் பழுதா என்று பார்ப்பது. இங்கேதான் நம் பணம் அதிகம் வீணாகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஆன்லைனிலும் கார் உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கிறது. போனில் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டால், விளக்கு ஏன் எரிகிறது என்பதை வண்டியே 'கோடு' எனும் எண்ணாகச் சொல்லும். பி0401 என்றால் வரவேண்டிய அளவு புகை திரும்பவில்லை. பி0402 என்றால் தேவைக்கு மேல் வருகிறது. பி0403 என்றால் மின்சுற்றில் கோளாறு. மூன்றும் மூன்று வேறு வியாதிகள். மூன்றுக்கும் ஒரே தகட்டை மருந்தாகக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கோடு வந்துவிட்டது என்பதற்காக வால்வை வாங்க ஓடவும் வேண்டாம். பி0401-க்கு வால்வு அடைத்திருப்பது ஒரு காரணம்தான். புகை வரும் குழாயோ, அதைக் குளிர்விக்கும் கூலரோ அடைத்திருந்தாலும், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருந்தாலும் அதே எண் வரும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் விட்டு, ஆப்பில் காற்றின் அளவைப் பாருங்கள். வால்வு திறந்தால் புகை உள்ளே வரும், அந்த அளவுக்கு வெளிக்காற்று குறையவேண்டும். கம்ப்யூட்டர் திறக்கச் சொல்லியும் காற்றின் அளவு அசையவில்லை என்றால் புகை வரவில்லை. மூடச் சொல்லியும் காற்று ஏறவில்லை, ஐடிலில் வண்டி நடுங்குகிறது என்றால் திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய வண்டிகளில் வால்வை இயக்குவது வேக்குவம் (வெற்றிட இழுப்பு). அங்கே குற்றவாளி பல சமயம் வால்வே அல்ல; சூட்டில் வெந்து வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய். விரலால் வளைத்துப் பாருங்கள், விரிசல் கண்ணில் படும். ஒரு சாண் ரப்பர் குழாயில் முடியவேண்டிய வேலைக்கு முழு வால்வின் விலையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி கழற்றுவது. ஞாயிறு காலை, வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருக்கும்போது ஆரம்பியுங்கள். ஹேண்ட் பிரேக், பேட்டரியின் நெகட்டிவ் கழற்றுதல், கையுறை, முகக்கவசம். முகக்கவசத்தை விளையாட்டாக எண்ணாதீர்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. வால்வு இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் பானெட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும். சிலவற்றில் இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வால்வும் கூலரும் ஒரே கட்டாக இருந்து, கூலன்ட்டை வடிக்கவேண்டி வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நல்ல பட்டறைக்குப் போங்கள். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யவேண்டும் என்று அடம்பிடிக்க நான் சொல்லவில்லை.

எட்டும் இடத்தில் இருந்தால் வேலை எளிது. ஒயர் கனெக்டரின் பூட்டை அழுத்தி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டுகளைக் கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீளம் ஒன்றுக்கொன்று மாறும். துரு பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அலுமினியத்தில் மரை போனால் கதை கந்தல். வால்வு கையில் வந்ததும் உள்ளே பாருங்கள். எண்ணெய் ஆவியும் புகைக்கரியும் சேர்ந்து, காய்ந்தும் காயாத சாணி மாதிரி அப்பியிருக்கும். சில வண்டிகளில் விரல் நுழையவேண்டிய துவாரத்தில் பென்சில்கூட நுழையாது. திறந்து கிடக்கும் இன்ஜின் பக்கத்து ஓட்டையில் சுத்தமான துணியை அடையுங்கள். மூடும்போது அதை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

கரியை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டுங்கள். ஸ்குரூடிரைவர் வேண்டாம், வால்வு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தால் அது இனி முழுதாய் மூடாது. பிறகு கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, பழைய பல் துலக்கும் பிரஷ். மோட்டார் இருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள், திரவம் அதற்குள் இறங்கக்கூடாது. முழு வால்வையும் வாளியில் ஊறப்போடும் வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்ஜின் ஓடும்போது காற்றுக்குழாயில் கிளீனரைப் பீய்ச்சும் வித்தையும் டீசலில் வேண்டவே வேண்டாம். எரியும் திரவம் அது, இன்ஜின் கட்டுமீறி ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதே ஸ்பிரேயைக் காற்று சென்சார் மேல் அடிப்பதும் கூடாது, அதற்குத் தனி கிளீனர் உண்டு. சுத்தம் செய்த பின் பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைக்காதீர்கள். புதியது அதிக விலையில்லை. புகை கசிந்தால் இத்தனை பாடும் வீண்.

கழுவியும் அதே கோடு திரும்பி வந்தால், அல்லது மின்கோளாறு என்று வண்டி சொல்லி ஒயரிங் சரியாக இருந்தால், உள்ளிருக்கும் பல்சக்கரம் தேய்ந்து வால்வு பாதியில் நின்றால், அப்போது புதியது வாங்கத்தான் வேண்டும். வால்வின் உடம்பில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரையும் வண்டியின் சேஸிஸ் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது, மற்ற ஊர்களில் கம்பெனியின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டர். விலை குறைவென்று புதுப்பேட்டையில் பழைய வால்வு தேடினால், உங்கள் பிரச்சினையைக் கொடுத்துவிட்டு இன்னொருவர் பிரச்சினையை வாங்கி வருவீர்கள். அட்டைப்பெட்டியில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பில் வாங்குங்கள். மாட்டும்போது போல்ட்டுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மின் வால்வுகள் சிலவற்றுக்கு, புதியதன் திறப்பையும் மூடலையும் ஸ்கேனர் வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பிறகு பதிவான கோடு எண்ணை அழித்து, ஊருக்கு வெளியே நல்ல சாலையில் ஒரு சுற்று ஓட்டி, மறுபடி போனில் பாருங்கள். விளக்கு அணைந்தால் போதாது; கோடு வராமலிருக்கவேண்டும்.

நான் கடிந்து சொல்லவேண்டியவர்கள் சிலர் உண்டு. தகடு வைத்தும் விளக்கு எரிகிறது என்று, இ.சி.யு. எனும் வண்டிக் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து அந்தக் கோடே வராமல் பண்ணிக்கொண்டவர்கள். உங்கள் வண்டிக்கு இனி உண்மையாகவே கோளாறு வந்தாலும் அந்தப் பகுதியைப் பற்றி அது வாய்திறக்காது. பி.எஸ். 6 வண்டியில் இதைச் செய்தவர்கள் இன்னும் பெரிய சிக்கலை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதில் புகைத்துகளைப் பிடித்து எரிக்கும் பில்டரும் இ.ஜி.ஆரும் ஒரே கணக்கில் ஓடுபவை. ஒன்றைத் தொட்டால் மற்றது கோணும். வாரன்டியும் போயிற்று.

நான் கேட்பது இவ்வளவுதான். தகடு வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸில் அதைக் கழற்றச் சொல்லுங்கள். வைத்தார்களா என்றே தெரியாதவர்கள் பானெட்டைத் திறந்து, வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே பளபளக்கும் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். பழைய டீசல் கார் வாங்கப்போகிறவர்கள், டயரைத் தட்டிப் பார்ப்பதோடு இதையும் விற்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இனி பட்டறைக்குப் போகிறவர்கள், "பிளாங்க் பண்ணிடலாமா சார்" என்ற கேள்வி வந்ததும், "கோடு என்னன்னு காட்டுங்க, கழுவிப் பாருங்க, சரிவரலன்னா புதுசு போடுங்க" என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்பதை நிறுத்தினால் அந்தத் தகட்டை வெட்டும் வேலை ஒரே வருடத்தில் நின்றுவிடும். உங்கள் வண்டியில் இருப்பதை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு டீசல் கார்க்காரன்